ஒன்பதாம் நாள் வந்த பதில்

கட்டிலில் தொங்கும் நோட்டில் நீங்கள் எழுதும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எழுதிய ஒரு வார்த்தை மதுரையிலிருந்து மதராஸ் வரைக்கும் போக இருந்தது, கூடவே ஒரு பெண்ணையும் இழுத்துக்கொண்டு. மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். ஊசி போடுவதையும் மாத்திரை கொடுப்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாகக் கற்றிருப்பீர்கள்.

அது யுத்த காலம். நான் நர்ஸாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கோடியில் கம்பிக்கதவு போட்ட ஓர் அறை உண்டு. சித்தசுவாதீனம் இல்லை என்று போலீஸ் கூட்டிவரும் பெண்களை மாஜிஸ்திரேட் அங்கே அனுப்புவார். பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் கேட்டால் இன்னொரு பத்து, அதற்கு மேலும் ஒரு பத்து. முப்பது நாளைத் தாண்டக் கூடாது. அதற்குள் டாக்டர் பைத்தியம் என்று கையெழுத்துப் போட்டால் மதராஸில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரி; போடவில்லை என்றால் வீடு. மதராஸ் போய்த் திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே கவனிக்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை. வீட்டார் ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள், இரண்டாம் முறை போவார்கள், அப்புறம் ரயிலடியே அவர்களுக்குத் தூரமாகிவிடும்.

ஒரு சித்திரை மாதம் ஜைனம்பு என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் அதைத்து, கண் இமைகள் வீங்கி, புருவத்தில் பாதி உதிர்ந்து போயிருந்தது. தான் குடிக்கும் தண்ணீரில் அண்டைவீட்டுக்காரி எதையோ கலக்கிறாள் என்று சொல்லி, அம்மிக் குழவியைத் தூக்கி எறிந்திருந்தாள். அந்த அம்மாளுக்கு மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது. போலீஸ் வந்தது அதனால்தான்.

கூடவே அவள் புருஷன் காதர் வந்தார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். விரல் இடுக்கெல்லாம் கரி. கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

“சிஸ்டரம்மா, இது அவ கொரலே இல்ல. தெருக்கோடியில நின்னு அவ கூப்புட்டான்னா பள்ளிவாசல்கிட்ட இருக்க எனக்குக் கேக்கும். அம்புட்டுக் கணீர்னு இருக்கும். இப்பப் பேசுறது ஆம்பளக் கொரலு. உள்ளருந்து ஜின்னு பேசுதுன்னு எல்லாருஞ் சொல்றாக. தர்காவுல கொண்டுபோயி ரெண்டு மாசம் சங்கிலியில போட்டு வச்சிருந்தேன். வேற ஆளு யாரும் கட்டல. நாந்தான் கட்டுனேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அறைக்குக் காலை ஷிப்டில் நான்தான் பொறுப்பு. நோயாளி எப்படி நடந்துகொள்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று நோட்டில் தினமும் எழுத வேண்டும். நாற்பது கட்டில் கொண்ட வார்டில் இருந்ததோ நாங்கள் இரண்டே பேர். காலையில் போய், “பேரென்ன? இது எந்த ஊரு? எத்தன பிள்ளைக?” என்று கேட்பேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள். வாயைத் திறக்கமாட்டாள். அடுத்த கட்டிலில் யாராவது கத்துவார்கள், போய்விடுவேன். முதல் நாள் எழுதினேன்: பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எழுதினேன்: பதில் சொல்ல மறுக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரே வார்த்தை. அப்போது நோட்டில் இங்கிலீஷில்தான் எழுதுவோம். ‘ஸ்டபர்ன்’. பிடிவாதக்காரி.

மூன்று நாள் எழுத்தையும் பாருங்கள். அவள் செய்தது மூன்று நாளும் ஒன்றுதான். மாறியதெல்லாம் என் பொறுமை.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டர் வைத்தால் அவளுக்குச் சூடு ஏறவே இல்லை. தொண்ணூற்றைந்தில் நின்றது. கருவி பழுது என்று வேறொன்றை எடுத்தேன். அதுவும் ஏறவில்லை. சித்திரை வெயிலில் மதுரையில் மனுஷ உடம்பு குளிர்ந்து போயிருக்குமா? சரியாக வைத்திருக்கமாட்டாள் என்று முடிவுகட்டி, எல்லாருக்கும் எழுதும் எண்ணையே அவளுக்கும் எழுதினேன். எட்டு நாள் எழுதினேன். வார்டில் எல்லாரும் விசிறியும் கையுமாக இருக்க, அவள் மட்டும் ஆஸ்பத்திரிக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நான் பைத்தியத்தின் கணக்கில் சேர்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் வழக்கம்போல மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு நகர்ந்தேன். பக்கத்து அறையில் ஒருத்தியின் காயக்கட்டை அவிழ்க்கும்போதுதான் கத்தரிக்கோலை அவள் கட்டிலில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. பைத்தியம் பிடித்த பெண்ணின் கட்டிலில் கத்தரிக்கோல்! ஓடினேன்.

கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நான் உட்கார்ந்து எழுந்துபோன காலி முக்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். தவளை கத்துவதுபோல அடித்தொண்டைக் குரல்.

“ரெண்டு பிள்ளைக. மூத்தது பொட்டப்பிள்ள.”

நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன். மெல்லப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். “ஜைனம்பு, ஒனக்குக் குளிருதா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து வார்டில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு நின்றது. மறுபடி அசைந்தது. வெகுநேரம் கழித்து வந்தது பதில்:

“எலும்புக்குள்ள குளிருது.”

எட்டு நாளாக அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது வந்து சேர்ந்தபோது நான் அங்கே இல்லை.

மறுநாள் பத்தாம் நாள். பெரிய டாக்டர் அன்று கையெழுத்துப் போட வேண்டும். வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டில் நிற்கும் ஆஸ்பத்திரி அது. நோட்டில் நாங்கள் எழுதுவதை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுவார். ஓய்வுபெற ஒரு வருஷமோ என்னவோ பாக்கியிருந்த மனுஷர். கோபம் வந்தால் கையில் கிடைத்த ஃபைலைச் சுவரில் எறிவார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிட நினைத்தேன். பொய்யாகச் சூடு எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாரும் இருந்தார்கள்.

“ஐயா, இந்த நோட்டில் நான் எழுதியது தப்பு” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஃபைலை எறியவில்லை. “எம்புட்டு நேரம் கழிச்சுப் பதில் சொன்னா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே எழுந்து வார்டுக்கு நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

ஜைனம்புவை ஒரு நாற்காலியில் மண்டிபோடச் சொல்லி, பின்பக்கமிருந்து குதிகால் நரம்பில் சிறிய சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உங்களுக்கும் எனக்கும் என்றால் அதே வேகத்தில் திரும்பிவிடும். அவள் பாதம் திரும்பவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, யாரோ கையால் பிடித்து இறக்குவதுபோலப் பழைய இடத்துக்கு வந்தது. டாக்டர் மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா? நாக்கு மட்டுமில்ல. ஒடம்பே மெதுவாத்தான் பதில் சொல்லுது.”

கழுத்தில் குரல்வளைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு சுரப்பி அவளுக்கு வேலையை நிறுத்திவிட்டது என்றார். அது சுரக்காவிட்டால் உடம்பு குளிரும், முகம் ஊதும், குரல் தடிக்கும். கடைசியில் புத்தியும் மங்கி, இல்லாததெல்லாம் தோன்றும். இத்தனையும் அந்தச் சின்னச் சதை செய்கிற வேலை. ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்யும் மாத்திரை உண்டு. கொடுத்தால் மனுஷி திரும்பி வரலாம். ஆனால் அது சீமையிலிருந்து வர வேண்டும். யுத்தத்தில் கப்பல் வரவில்லை. மதராஸுக்குத் தந்தி கொடுத்தார். இருப்பு இல்லை என்று பதில் வந்தது.

மாஜிஸ்திரேட்டுக்கு எழுதி மேலும் பத்து நாள் கேட்டார். பிறகு காதரைக் கூப்பிட்டனுப்பினார்.

“ராவுத்தரே, மாத்திரை வாரதுக்கு முந்தின காலத்துல ஆட்டுச் சுரப்பியையே எடுத்துப் பொடிசா நறுக்கிச் சாப்பிடக் குடுத்திருக்காங்க. நான் படிச்சிருக்கேன். குடுத்துப் பாத்ததில்ல. உங்களுக்குச் சம்மதமா?”

காதர் யோசிக்கவே இல்லை. “எங்க சின்னத்தா மகன் கறிக்கடைதான் வச்சிருக்காரு. பிஸ்மி சொல்லி அறுத்த ஆடுதான். எந்த எடத்துல இருக்குன்னு மட்டும் காட்டுங்க ஐயா.”

விடிந்த கையோடு பெரிய டாக்டர் காதருடன் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஜில்லாவே பார்த்துப் பயப்படும் டாக்டர் அங்கே கால்சட்டையை மடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஆட்டின் மூச்சுக்குழாயை விரலால் தடவிப் பார்த்து, கருஞ்சிவப்பில் பேரீச்சம்பழம் அளவு இருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். கறிக்கடைக்காரர் வாய்விட்டே சொன்னார்: “இதையா? இதத்தான் நாங்க நாய்க்குத் தூக்கிப் போடுவோம் ஐயா.”

ஒரு நாளைக்கு அதில் பாதி மட்டும் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அதிகமானால் இதயம் தாங்காது. காதர் தானே ஈயம் பூசிய சட்டியில் லேசாக வதக்கிக் கொண்டுவருவார். நான் கஞ்சியில் கலந்து கொடுத்து, நாடி பார்த்து எழுதுவேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் சூடு ஒரு கோடு ஏறியது. நான் மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏழாம் நாள் இமை வீக்கம் வடிந்து, உள்ளேயிருந்து கண் இரண்டும் வெளியே வந்தன. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கியது. ஒருநாள் உச்சி வேளையில் வார்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். கம்பிக்கதவுக்கு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

“யம்மாடி, என்னா வெக்கை!”

கம்பளி தரையில் கிடந்தது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. மதுரையில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஆள் உண்டா? ஆனால் அன்று அதைக் கேட்டு நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாய்க்குத் தூக்கிப் போடும் ஒரு துண்டு சதைக்குள் ஒரு மனுஷியின் வேர்வையும் குரலும் புத்தியும் இருந்திருக்கிறதே என்ற மலைப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லக் கதை சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் நாடி பிடித்தேன். விரலுக்கு அடியில் ஓடியது. எண்ணினால் நூற்றிருபதுக்கு மேல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இங்கன என்னமோ அடைக்குது சிஸ்டர்” என்றாள். உதட்டில் நீலம். பெரிய டாக்டர் பெரியகுளம் பக்கம் காலரா என்று முகாம் போயிருந்தார். வர மூன்று நாளாகும். பொறுப்பில் இருந்த சின்ன டாக்டர் வந்து பார்த்தார். “பெரியவர் எழுதிவச்ச மருந்து. நான் நிறுத்தமாட்டேன். நீங்களும் நிறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார்.

அப்போது காதர் சட்டியோடு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்.

“பாய், எம்புட்டுக் குடுக்குறீக?”

“நீங்க சொன்ன அளவுதான் சிஸ்டரம்மா.”

நான் ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காத்திருப்பதை அந்த அறையில்தான் கற்றிருந்தேன். அவர் சட்டியைக் கீழே வைத்தார்.

“சாயங்காலம் பாக்க வாரப்ப கொத்துக்கறியில முழுசா ஒண்ணு கலந்து குடுத்துட்டேன். மூணு நாளா. முப்பது நாளு கெடு வந்துகிட்டே இருக்கு. அதுக்குள்ள சரியாகலைன்னா ரயிலேத்திருவாக. ஒரு தடவ கட்டிப் போட்டவன் நான். இன்னொரு தடவ அவள அனுப்பமாட்டேன்.”

சட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“இன்னைக்கு மருந்து இல்ல. நாளைக்கும் இல்ல. நெஞ்சு அடங்குற வரைக்கும் இல்ல.”

“நாளு போயிருமே!”

“நாளு போனாப் போகட்டும் பாய். உசுரு போயிறக் கூடாது.”

நோட்டில் எழுதினேன்: மருந்தை நிறுத்தியது நான், காரணம் இது. கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். தனியாக நிற்கும்போது உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று பயமாக இருந்தாலும் உங்கள் பெயரை எழுதுங்கள்.

மூன்று நாளும் அவள் கட்டில் பக்கத்திலிருந்து நான் அதிகம் நகரவில்லை. படுக்கவைத்து, பேசவிடாமல், தலையணை உயர்த்தி வைத்தேன். நாடி முதல் நாள் கொஞ்சமும், இரண்டாம் நாள் நன்றாகவும் இறங்கியது. முகாமிலிருந்து புழுதியோடு வந்த பெரிய டாக்டர் நோட்டை வாசித்தார். என் பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். “கால்வாசியில மறுபடி ஆரம்பிக்கலாம்” என்றார். அவர் என்னைப் பாராட்டினார் என்றால் அவ்வளவுதான்.

கடைசிப் பத்து நாளையும் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்தோம். முப்பதாம் நாள் மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவசரத்தில் இருந்தார். “உன் பேரென்ன?” என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். நான் குறுக்கே பேசிவிட்டேன். “ஐயா, கொஞ்சம் பொறுங்க. சொல்லுவா.” அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜைனம்பு நிதானமாகச் சொன்னாள். பெயர், தெரு, பிள்ளைகளின் பெயர். குழவியை எறிந்ததையும் கேட்டார். தலைகுனிந்தாள்.

“தண்ணியில என்னமோ கெடக்குற மாதிரித் தெரிஞ்சுச்சு. இப்ப அப்புடித் தெரியல. அந்தம்மா கால்ல விழுகணும்.” பிறகு நிமிர்ந்து, “ஐயா, ஒங்க கோட்டுல நடுப் பித்தான் இல்ல. வீட்டுல சொல்லித் தைக்கச் சொல்லுங்க” என்றாள்.

மாஜிஸ்திரேட் குனிந்து கோட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார். புருஷனுடன் போகலாம் என்று எழுதினார்.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், அந்த எட்டு நாளும் நான் பேசியது அவளுக்குக் கேட்டதா என்று.

“எல்லாமே கேட்டுச்சு சிஸ்டர். பதிலும் தெரியும். அது நாக்குக்கு வாரதுக்குள்ள நீங்க போயிருவீக. நீங்க மட்டுமில்ல. எல்லாருந்தான்.”

அவள் போன பிறகு எனக்கு அந்த வார்டில் நிம்மதி இல்லை. ஒருநாள் ரிக்கார்டு அறைக்குப் போய், பழைய நோட்டுகளை இறக்கி, என் கையெழுத்தைத் தேடித் தேடி வாசித்தேன். பதில் சொல்லவில்லை. மறுக்கிறாள். பிடிவாதம். நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனை பேர்மேல் ஒட்டியிருந்தேன்! அதில் ஒருத்தி அலங்காநல்லூர்க்காரி, விவசாயக் குடும்பத்துப் பெண். நான் எழுதியதை வைத்துத்தான் அவளை மதராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளும் கம்பளி கேட்டாள் என்று ஓரத்தில் நானே எழுதியிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அன்றே மதராஸுக்குக் கடிதம் எழுதினார். பதில் வர மாதங்கள் ஆயின. அங்கிருந்த டாக்டர் விவரமாக எழுதியிருந்தார்: அந்தப் பெண்ணைச் சோதித்துப் பார்த்தோம், சுரப்பியில் கோளாறு இல்லை, இது வேறு நோய், இதற்கு இப்போது எங்களிடம் மருந்து கிடையாது. கீழே ஒரு நர்ஸ் தன் கையால் தமிழில் இரண்டு வரி சேர்த்திருந்தாள்: “மதுரையிலிருந்து உன்னை விசாரித்துக் கடுதாசி வந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளாகப் பேசாதவள், ஊரில் மழை பெய்ததா என்று கேட்டாள்.”

எனக்கு அடுத்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறி அலங்காநல்லூருக்குப் போனேன். யாரையும் பார்க்கப் போகவில்லை. ஊருக்கு வெளியே இறங்கி வரப்பில் நடந்தேன். கண்மாய் நிறைந்து கிடந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். சேலையைச் சேறாக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

திரும்பி வந்து மதராஸுக்கு எழுதினேன், நல்ல மழை என்று.